தூண் மட்டும் தெளிவாக விழுந்த கல்யாணம்

காலை ஏழு மணி இருபத்தேழு நிமிடம். திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபம். மாப்பிள்ளை கிரண் தாலியை இரண்டு கையாலும் எடுத்து என் மகள் ஹேமாவின் கழுத்துப் பக்கம் கொண்டுபோகிறார். அந்த நிமிடம் கரண்ட் போனது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் நான் போட்ட திட்டப்படி நடக்கவில்லை. மாதங்கள் ஆகிவிட்டன. இன்றைக்கும் வீட்டில் ஃபேன் திடீரென்று நின்றால் நான் எழுந்து நின்றுவிடுகிறேன். "உக்காருங்க, இங்க யாரும் தாலி கட்டல" என்பாள் என் மனைவி சரோஜா.

இதை இப்போது எழுதக் காரணம் எங்கள் சித்தூர் போட்டோகிராபர் சங்கத்துப் பிள்ளைகள். நான் ஸ்டுடியோவை மூடி ஓய்வெடுத்துக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் கேள்வி மட்டும் என்னிடம்தான் வருகிறது. "அண்ணா, ஸ்டாண்டர்ட் பிரைம் லென்ஸ் வாங்கப் போறோம். ஸ்டெபிலைசர் இருக்கறதா, இல்லாததா?" என் பழைய கூட்டாளி முனிரத்தினத்தைக் கேட்டால் வாங்கு என்கிறான், என்னைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறேன் என்று அவர்களுக்குக் கோபம். சங்க மலரில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

கேமரா பிடிக்காதவர்களும் மலரைப் படிப்பார்கள் என்பதால் ஒரு விளக்கம். ஸ்டாண்டர்ட் பிரைம் என்பது ஜூம் இல்லாத, ஏறக்குறைய ஐம்பது எம்.எம். லென்ஸ். கண் பார்க்கிற மாதிரி பார்க்கும். கிட்டே போகணும் என்றால் நம் கால்தான் நடக்கணும். ஸ்டெபிலைசர் என்பது லென்சுக்குள் மிதக்கிற ஒரு கண்ணாடித் துண்டு. நம் கை இந்தப் பக்கம் ஆடினால் அது அந்தப் பக்கம் நகர்ந்து சரிக்கட்டும். வெளிச்சம் குறைவான இடத்தில் ஷட்டரை மெதுவாக வைத்தாலும் கை ஆடியது படத்தில் தெரியாது. நாங்கள் வேலை கற்ற காலத்தில் இந்தக் கண்ணாடித் துண்டு கிடையாது. அதற்குப் பதில் எங்களுக்குப் பெத்தசார் இருந்தார்.

நான் நகரிக்காரன். வீட்டில் எல்லோருக்கும் பவர்லூம்தான். பி.காம். முடித்தவன் தறிச் சத்தத்தில் உட்கார வேண்டாம் என்று நைனா, அதாவது என் அப்பா, என்னைத் திருப்பதியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டார். என்னோடு சேர்ந்தவன் பாகாலா முனிரத்தினம். முதல் வருடம் தரை பெருக்கினோம், அடுத்த வருடம் பிரிண்ட் கழுவினோம், அதற்கடுத்த வருடம் கேமராவைத் தொட்டோம். கற்ற கதை அவ்வளவுதான்.

முதலாளியை எல்லோரும் பெத்தசார் என்போம், பெரிய சார் என்று தெலுங்கில். முழுக்கை வெள்ளைச் சட்டை. குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. யாராவது எடுத்த படம் ஆடியிருந்தால் திட்ட மாட்டார். அந்தப் பிரிண்டை அவனுடைய டிபன் கேரியரின் மேலடுக்கில் வைத்து மூடிவிடுவார். மதியம் பசியோடு திறந்தால் சோற்றுக்கு மேலே மங்கலாக ஒரு குடும்பம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் பல நாள் அப்படிச் சாப்பிட்டிருக்கிறேன். முனிரத்தினம் ஒருநாள் ஆடிப்போன ஒரு தாசில்தாரைப் புளிசோற்றோடு பிசைந்தே விட்டான்.

கேமரா பிடிக்க அவர் சொல்லிக் கொடுத்த முறை இது. லென்ஸ் இடது உள்ளங்கையில் உட்காரணும், விரல் அதைப் பிடிக்கக் கூடாது. இரண்டு முழங்கையும் விலாவில் ஒட்டணும். இடது கால் அரை அடி முன்னே. கேமராவின் முதுகு புருவத்தில் அழுந்தணும். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, அதை வெளியே விடும்போது "கோ... விந்... தா" என்று சொல்லிக்கொண்டே விடணும். "தா" முடிந்ததும் நெஞ்சில் காற்றே இல்லாத ஒரு காலி இடம் வரும். விரல் அழுந்த வேண்டியது அங்கே.

அடித்துச் சொல்கிறேன், இது வேலை செய்யும். ஐம்பது எம்.எம். லென்சில் அறுபதில் ஒரு பங்கு வினாடிக்குக் கீழே கையில் பிடித்து எடுக்காதே என்று புத்தகங்கள் சொல்லும். நாங்கள் கோவிந்தா போட்டு பதினைந்தில் ஒரு பங்கு வரைக்கும் இறங்குவோம். படம் கல் மாதிரி நிற்கும்.

ஒரே ஒரு சிக்கல். நாங்கள் இருந்தது திருப்பதி.

சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு பெரிய குடும்பம் பஸ் பிடித்து வந்து, மலையில் எல்லோரும் மொட்டை போட்டுக்கொண்டு, குரூப் போட்டோவுக்கு எங்களிடம் வந்தார்கள். நான் தனியாக எடுத்த முதல் குரூப். மூன்று வரிசை. மொட்டைகளில் சந்தனம். நிற்க வைத்து, முழங்கையை ஒட்டி, மூச்சை இழுத்து, பயத்தில் கொஞ்சம் சத்தமாகவே "கோவிந்தா" என்றேன்.

"கோவிந்தா! கோஓஓவிந்தா!" என்று மூன்று வரிசையும் கையைத் தலைக்குமேல் தூக்கியது. விரல் அதற்குள் அழுத்திவிட்டது. முன்வரிசையின் கைகள் நடுவரிசை முகத்தை மறைக்க, நடுவரிசையின் கைகள் பின்வரிசையை மறைக்க, அந்தப் படத்தில் முழுதாக விழுந்தது ஒரு கைக்குழந்தை மட்டும்தான். அது தூங்கிக்கொண்டிருந்தது.

பெத்தசார் பிரிண்டை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"கைங்க பாகா வந்துகீது நைனா" என்றார், பாகா என்றால் தெலுங்கில் நன்றாக. "மூஞ்சிங்க எப்ப வரும்?"

கோவிந்தாவை வாய்விட்டுச் சொன்னதை ஒப்புக்கொண்டேன்.

"மனசுக்குள்ள சொல்லு. சத்தமா சொன்னா ஊரே பதில் சொல்லும். அது அவங்க தப்பில்ல" என்றார். மதியம் அந்தப் படம் என் டிபனில் இருந்தது.

பிறகு நான் சித்தூரில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்தேன். அது நாடு பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட காலம் என்றார்கள். எனக்குத் தெரிந்து திறந்தது என் ஸ்டுடியோ கதவுதான், மூடவே முடியவில்லை. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் வரிசையாகப் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தார்கள். இரண்டு காதும் தெரியணும், சிரிக்கக் கூடாது. சிரிக்காதே என்று சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் சிரிப்பு வரும். காது தெரிவதற்காக ஒரு பையனின் அப்பா பின்னாலிருந்து அவன் காதை முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டார். காது தெரிந்தது, கூடவே அப்பாவின் கட்டைவிரலும் தெரிந்தது.

விமானம் ஏறுவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். அப்பா கம்பம் மாதிரி நிற்பார், பையன் கம்பம் மாதிரி நிற்பான். அம்மா அவன் தோளில் கை வைத்திருப்பாள். படத்தில் அந்தக் கை மட்டும் ஆடியிருக்கும். நான் எவ்வளவு மூச்சு விட்டும் பயனில்லை. ஆடியது என் கை இல்லையே.

ஹேமா அந்த ஸ்டுடியோவில்தான் வளர்ந்தாள். லைட் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் அவளைத்தான் ஸ்டூலில் உட்கார வைப்பேன். அவளிடம் மட்டும் கோவிந்தாவைச் சத்தமாகச் சொல்வேன். அந்தச் சத்தம் கேட்டால் அவள் அப்படியே நின்றுவிடுவாள். வாயில் இட்லி இருந்தால் மெல்ல மாட்டாள். ஒருமுறை கோயிலில் கூட்டமே கோவிந்தா போட்டபோது, இவள் ஒருத்தி மட்டும் சிலையாகி நின்று பின்னால் வந்தவர்கள் எல்லோரும் முட்டிக்கொண்டார்கள்.

டிஜிட்டல் வந்து, பிறகு ஸ்டெபிலைசரும் பிரைம் லென்சுக்குள் வந்தது. முதலில் வாங்கியவன் முனிரத்தினம், நாற்பத்தைந்து எம்.எம். வாங்கின அன்றைக்கே பாகாலாவிலிருந்து ரயிலேறி என் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டான். வந்தவன் உட்காரக்கூட இல்லை. என் சுவர்க் கடிகாரத்தை அரை வினாடிக்கு, ஒற்றைக் கையில் பிடித்து எடுத்தான். இன்னொரு கையில் டீ.

"பாருடா ஏகாம்பரம். டீ குடிச்சிக்கினே எடுத்தேன். நம்பரு எப்படிகீது பாரு."

பார்த்தேன். எண்கள் செதுக்கிய மாதிரி இருந்தன.

"செகண்ட் முள்ளு ஏன்டா ரெண்டு கீது?" என்றேன்.

"அது நவுந்துது."

"அதத்தான்டா நானும் சொல்றேன். நம்மூரு கல்யாணத்துல எவன் நவுராம நிப்பான்? ஒருத்தன் மூக்கச் சொறிவான், ஒருத்தன் சித்தப்பனக் கூப்பிடுவான். உன் கையி ஆடறத இது நிறுத்தும். அவங்க ஆடறத யாரு நிறுத்தறது?"

"உனுக்குப் பொறாம."

"எனுக்கு ரெண்டு முள்ளு வேணாம்."

இந்தச் சண்டை வருடக்கணக்காக நடந்தது. எந்தக் கல்யாணத்தில் பார்த்துக்கொண்டாலும் அவன் "முள்ளு" என்று என்னைக் கூப்பிடுவான், நான் அவனை "டீ" என்று கூப்பிடுவேன்.

ஹேமாவுக்கு வரன் அமைந்தது. கிரண் திருப்பதிப் பையன், தெலுங்குக் குடும்பம், அமெரிக்காவில் வேலை. கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் அவர் கிளம்பணும். ஹேமாவுக்கு விசா எடுத்துக் கொடுக்கிற ஏஜென்ட் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "ஆல்பம் கேப்பாங்க சார். தாலி கட்டற போட்டோ முதல் பக்கத்துல இருக்கணும். ரெண்டு முகமும் தெளிவா தெரியணும். கல்யாணம் நிஜமான்னு அதுலதான் பாப்பாங்க." அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போனது. அந்த ஒரு படம் கெட்டால் மகள் இங்கே, மாப்பிள்ளை அங்கே. வாழ்நாள் முழுக்க மற்றவர் கல்யாணத்தில் அந்தப் படத்தைத் தவறவிடாதவன் நான். என் மகள் கல்யாணத்தில் நான் கேமரா பிடிக்க முடியாது, அட்சதைத் தட்டு பிடிக்கணும். சண்டையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முனிரத்தினத்தைத்தான் கூப்பிட்டேன். என்னைவிட்டால் அவன்தான் கைநிதானம் உள்ளவன். ஃப்ளாஷ் எடுத்து வா என்று நான் போனில் பலமுறை சொன்னேன். எடுத்து வந்தான்.

இப்போது ஏழு இருபத்தேழு. கரண்ட் போனது. மண்டபத்தில் ஜன்னலெல்லாம் அலங்காரத் துணிக்குப் பின்னால். வெளிச்சம் என்றால் ஓமமும் இரண்டு குத்துவிளக்கும்தான். வீடியோக்காரர் விளக்கு செத்துவிட்டது. ஜெனரேட்டர் ஆள் டிபன் சாப்பிடப் போயிருந்தார். முகூர்த்தம் இன்னும் சில நிமிடம்தான். ஐயர் நிறுத்தவில்லை.

"ஃப்ளாஷ்டா! ஃப்ளாஷ்!" என்றேன்.

"மாப்ள ரூம்ல கீது!"

"போய் எடுத்தா!"

"ரூம் பூட்டிகீது! சாவி மாப்ள இடுப்புல!"

திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்தேன். பட்டு வேட்டி மடிப்பில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் தாலி. மாமனார் மேடையில் வைத்து மாப்பிள்ளையின் இடுப்பில் கை விடுவதா? ஒரு அடி எடுத்தும் வைத்தேன். சம்பந்தி பார்த்த பார்வையில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

முனிரத்தினம் பதறவில்லை. "ஸ்டெபிலைசர் கீதுடா" என்று சிரித்தான். ஷட்டரைக் கால் வினாடிக்கு இறக்கினான். இடது உள்ளங்கையில் லென்ஸ் உட்கார்ந்தது. முழங்கைகள் விலாவுக்குப் போயின. இடது கால் அரை அடி முன்னே வந்தது. நெஞ்சு விரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. "மனசுக்குள்ளடா" என்று கத்த வாயைத் திறந்தேன். மேளம் முழங்கிக்கொண்டிருந்தது. மேளச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்காமல் அவன் வாய்விட்டுச் சொல்கிறான் என்று தெரிந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராக ஒரு கணம் நிறுத்தினார்.

அமைதியான மண்டபத்தில் முனிரத்தினத்தின் குரல் கணீரென்று கேட்டது: "கோ... விந்... தா!"

திருப்பதி மண்டபம். பாதிப்பேர் தெலுங்கு, பாதிப்பேர் தமிழ். இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று.

"கோவிந்தா! கோஓஓவிந்தா!"

ஐயர் கையைத் தூக்கினார். சம்பந்தி தூக்கினார். படித்தவன், தொழில் தெரிந்தவன், நானும் தூக்கினேன். என் கையில் இருந்த தட்டு மேலே போனது. அட்சதை முழுவதும் ஐயர் தலையில் கொட்டியது. அட்சதை பறந்ததைப் பார்த்தவர்கள் தாலி கட்டியாயிற்று என்று அவர்களும் எறிந்தார்கள். அதைப் பார்த்து மேளக்காரர் கெட்டிமேளம் தொடங்கினார். செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் போனோடு கையைத் தூக்கியதால், பிறகு வாங்கிப் பார்த்தபோது எல்லாவற்றிலும் மண்டபத்தின் கூரைதான் விழுந்திருந்தது. மாப்பிள்ளை? அவரும் திருப்பதிதானே. தாலியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

தாலி விழவில்லை. ஹேமா அதை இரண்டு கையாலும் கழுத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கெட்டிமேளத்தின் நடுவே மாப்பிள்ளை சுதாரித்து, குனிந்து, முடிச்சுப் போட்டார். போட்டு முடித்ததும் கரண்ட் வந்தது.

சாப்பாட்டுக் கூடத்தில் முனிரத்தினத்தை மடக்கினேன். அவன் எனக்குக் கேமராவின் முதுகைக் காட்டினான். காட்டும்போது அவன் முகத்தில் பெருமை இருந்ததுதான் என்னால் தாங்க முடியாதது.

"பாருடா. கால் வினாடி. தூண்ல கொத்தன மயிலு கீதே, அதோட ஒவ்வொரு எறகும் எண்ணலாம்."

"தூணுக்காடா நான் கல்யாணம் பண்ணேன்?"

மயில் தோகையில் இருந்த கண்ணைக்கூட எண்ணலாம்தான். குத்துவிளக்கு, வாழைக்குலை, தேங்காயின் நார் எல்லாம் தெளிவு. மனிதர்கள் மட்டும் புகை. மாப்பிள்ளை மேல்நோக்கிப் போகிற வெள்ளைப் புகை, ஐயர் மஞ்சள் புகை, நான் தட்டோடு ஒரு புகை. அந்தப் புகைகளுக்கு நடுவே ஹேமா ஒருத்தி மட்டும், இமை முடிகூடத் தெரிய, தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தனை பேரில் கோவிந்தா என்றால் படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவள் அவள்தான்.

"மறுபடி ஒருதரம் கட்ட வச்சி எடுக்கலாமா?" என்று ஐயரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் தலையிலிருந்து அட்சதையை உதறிக்கொண்டே, "கட்டினதை அவிழ்க்கணுமா? உம்ம வாயால சொல்லும் பார்ப்போம்" என்றார். சரோஜா என் சட்டையைப் பிடித்து இழுத்து இலைமுன் உட்கார வைத்தாள்.

மாப்பிள்ளை கிளம்பிப் போனார். ஆல்பத்தில் மற்ற படமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முதல் பக்கத்தைத் திறந்தால் புகை. ஏஜென்ட் அதைப் பார்த்துவிட்டு, "இவரு மாப்பிள்ளையா, சாம்பிராணியா சார்?" என்றார். சென்னையில் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா நேர்காணலுக்குத் தேதி வந்தது. சென்னைக்கு நானும் வருகிறேன் என்றதற்கு ஹேமா, "நீ வாணா நைனா. லைன்லயே மயக்கம் போட்டுடுவே. என்னைய உட்டுட்டு உன்னப் பாப்பாங்க" என்று சொல்லிவிட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவள் போன அன்று பகல் முழுதும் வீட்டில் நடந்துகொண்டே இருந்தேன். உட்கார்ந்த சமயங்களில் சங்கத்துப் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் யோசித்தேன். யோசித்தது இதுதான்.

கோயில் கோபுரம், நகைக்கடைப் பொம்மை, இரவு வீதி, தூண்: இவையெல்லாம் எடுக்கிறவனுக்கு ஸ்டெபிலைசர் தங்கம். கை நடுங்கத் தொடங்கிய என் வயதுக்காரனுக்கும் அப்படியே. நடந்துகொண்டு வீடியோ எடுக்கிறவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆனால் நீ எடுக்கப் போவது மனிதர்களை என்றால், அவர்களை நிறுத்த நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்காவது வேகம் வேண்டும். அந்த வேகத்தில் ஐம்பது எம்.எம். லென்சில் உன் கை ஆடுவது எப்படியும் தெரியாது. அங்கே ஸ்டெபிலைசர் சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்கும். அந்தக் காசுக்கு வெளிச்சத்துக்கு இன்னும் அகலமாகத் திறக்கிற லென்சை வாங்கு. ஃப்ளாஷை உன் தோளிலேயே மாட்டிக்கொள், எந்த மாப்பிள்ளை அறையிலும் வைக்காதே.

முனிரத்தினம் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் படத்தில் ஹேமா தெளிவாக விழுந்ததே ஸ்டெபிலைசரால்தான் என்பான். கால் வினாடிக்கு அவன் கை நின்றது அதனால்தான் என்பது உண்மை. அதை நான் அவனிடம் நேரில் சொல்லப் போவதில்லை, மலரில் படித்துக்கொள்ளட்டும்.

வெளிச்சம் சாயும் நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. என்ன ஆனாலும் ஒரு படம் எடுத்துவிடுவது என்று என் பழைய கேமராவை ஐம்பது எம்.எம். லென்சோடு கழுத்தில் மாட்டியிருந்தேன். ஹேமா இறங்கினாள். பின்னாலேயே சரோஜா பையோடு இறங்கினாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை.

"இன்னாச்சும்மா?"

"ஆபீசரம்மா முதல் பக்கத்தத் தொறந்தாங்க நைனா. இவங்க எல்லாம் எதுக்குக் கையத் தூக்கிகினுகீறாங்கன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க. போட்டோ எடுத்தவரு ஒரு வார்த்த சொல்லிட்டாரு, எங்க ஊர்ல அதச் சொன்னா தூக்குவாங்கன்னு சொன்னேன். இன்னா வார்த்தன்னு கேட்டாங்க."

"சொன்னியா?"

"மெதுவாத்தான் சொன்னேன். எனுக்குப் பின்னாடி லைன்ல நின்னதெல்லாம் நம்மூரு பக்கத்து ஆளுங்க. கோவிந்தான்னு ஃபைலோட கையத் தூக்கிட்டாங்க. ஒருத்தரு சர்ட்டிபிகேட்டெல்லாம் கீழ பறந்துடுச்சி. அந்தம்மா சிரிச்சி சிரிச்சி கண்ணத் தொடச்சிக்கினாங்க. அப்புறம் படத்துல என்னையவே பாத்தாங்க. நீ மட்டும் ஏன் தூக்கலன்னு கேட்டாங்க. எங்க நைனா போட்டோகிராபருன்னேன். விசா குடுத்துட்டாங்க."

கேமராவைத் தூக்கினேன். உள்ளங்கையில் லென்ஸ் உட்கார்ந்தது, முழங்கைகள் விலாவுக்குப் போயின, ஆனால் கை நிற்கவில்லை. கண்ணாடி வழியே வாசல், ஆட்டோ, சரோஜா, பை எல்லாம் தண்ணீரில் தெரிகிற மாதிரி ஆடின. வெளிச்சமோ போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருந்த ஹேமா செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, படிக்கட்டில் போய் நேராக நின்றாள்.

"மனசுக்குள்ளயே சொல்லிக்க நைனா" என்றாள். "நீ முடிக்கற வரிக்கும் நான் ஆட மாட்டேன்."